அத்தை சொன்ன முக்கால் மணி நேரம்

மற்ற அறுவை சிகிச்சை நிபுணர்கள் நின்றுகொண்டு வேலை செய்வார்கள். என் அத்தை உட்கார்ந்து செய்வார். அவர் கைக்கு மட்டும் ஆபரேஷன் செய்யும் டாக்டர். நோயாளியின் கையைச் சிறிய மேசைமீது நீட்டி வைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு, பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியோடு குனிந்துவிட்டால் அப்புறம் லேசில் நிமிர மாட்டார். தலைமுடியைவிட மெல்லிய நூலில் தைப்பார். அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்கு டெய்லர் மேடம் என்று பெயர். நேரில் அப்படிக் கூப்பிடுபவர்கள் குறைவு. ஆனால் அவருக்குத் தெரியும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். சாப்பாடு மட்டும் மாடியில் எங்களோடு. அப்பாவின் கேலியெல்லாம் அவருக்குத்தான். நிற்கச் சோம்பல்பட்டுத்தான் அக்கா கை டாக்டர் ஆனாள் என்பது அப்பா விருந்தாளிகளிடம் தவறாமல் சொல்லும் கதை.

அத்தைக்கு முகங்கள் நினைவில் நிற்காது. பஸ்ஸில் ஏறினால் மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒருமுறை கடைத்தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னார். அத்தை யாரென்று தெரியாமல் விழித்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வலது கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். உடனே அத்தை "அட, நீங்களா" என்று அவர் பிள்ளைகள் படிப்புவரை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கட்டைவிரல் அச்சு இயந்திரத்தில் மாட்டி நசுங்கியது. அத்தைதான் அதைத் திரும்ப வேலை செய்ய வைத்தவர்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாடு முழுக்க மருத்துவச் சீர்திருத்தம் வந்தபோது, நிபுணர்கள் எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள், எல்லாம் பணத்துக்காகத்தான் என்று செய்தித்தாள்களில் எழுதினார்கள். நான் அப்போது பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல், வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் கேட்டது வேறு. அதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் திட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தேவைப்படுகிற யாராக இருந்தாலும், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள். யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில். செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கேட்கும்போது இதில் எதிர்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

அத்தையின் நண்பர்கள் வந்து பேசும்போதுதான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கவலை என்பது புரிந்தது. கண் டாக்டருக்குத் திட்டம் மிகவும் பிடித்திருந்தது. அவருடைய ஆபரேஷன் எல்லாம் ஒரே மாதிரி, சீக்கிரம் முடிவது, கூட்டம் வரவர அவருக்குச் சந்தோஷம். இதய டாக்டருக்குப் பயம். வரிசைப்படி நோயாளிகளை அனுப்பினால், திடீரென்று வண்டியில் வந்து இறங்குகிறவரை எந்த மேசையில் படுக்க வைப்பது என்று கேட்டார். இப்போதுதான் படிப்பை முடித்துத் தன் பெயரில் பலகை மாட்டிய ஓர் இளம் டாக்டர், முகம் தெரியாத ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்று நகத்தைக் கடித்தார். பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தது பணம் இல்லை. நேரம்.

திட்டத்தின் வரைவு வந்தபோது அதில் ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் இவ்வளவு நேரம் என்று குறித்திருந்தார்கள், பஸ் நிலையத்துப் பலகை மாதிரி. அந்த நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்திருந்தார்கள். அதைப் படித்த டாக்டர்கள் அத்தனை பேரும் கத்தியைத் தொடாதவன் போட்ட கணக்கு என்று திட்டித் தீர்த்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரும்போது அத்தை வரைவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே ஒரு பக்கத்தைத் திருப்பினார். சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிட்டது. கையில் அறுந்த தசைநாணைத் தைக்க முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்தது. தசைநாண் என்பது தசையையும் விரல் எலும்பையும் இணைக்கும் கயிறு மாதிரியான ஒன்று. அது அறுந்தால் விரல் மடங்காது.

"என்னக்கா, உன்னையும் ஓட விடுறாங்களா?" என்றார் அப்பா.

அத்தை வரைவை மூடினார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். அப்பாவின் கேலிக்கு அவர் பதில் சொல்லாமல் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏன் என்று எனக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அத்தையே அம்மாவிடம் சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். முந்தைய வருடம் அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மரியாதையான மனிதர், சின்ன வயது. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டர்களிடமே கேட்டுக்கொண்டு போவோம் என்று வந்தவர். அது சரியான யோசனைதான். ஆனால் அவர் ஒரு தப்புச் செய்தார். ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்காமல், ஆபரேஷன் அறைக்கு வெளியே டாக்டர்கள் டீ குடிக்கும் அறையில் வைத்து, எல்லார் முன்னாலும் கேட்டார்.

அந்த அறை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் அங்கே அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு வேகம்தான் கௌரவம். நன்றாகச் செய்கிறார் என்பதை யாரும் வெளியே பார்க்க முடியாது. சீக்கிரம் முடித்துவிட்டார் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால் அந்த டீ அறையில் யாருமே நிஜ நேரத்தைச் சொன்னதில்லை. தன் வாழ்க்கையிலேயே மிக வேகமாக முடித்த ஒன்றை எடுத்து, அதிலும் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பது, துடைப்பது, கட்டுப் போடுவது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அதைத் தன் வழக்கமான நேரம் மாதிரி சொல்வார்கள். மீன் பிடிக்கிறவர்கள், இவ்வளவு பெரிய மீன் என்று கையை விரித்துக் காட்டுவது போல. ஒரே வித்தியாசம், இவர்கள் கையைச் சுருக்கிக் காட்டுவார்கள்.

அதிகாரி கேட்டதும், முழங்கால் மூட்டு மாற்றும் டாக்டர் முதலில் சொன்னார், ஐம்பது நிமிடம். எலும்பில் அடித்து அடித்து வேலை செய்வதால் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். நிபுணர்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். சுத்தியலே ஐம்பது சொன்னபிறகு குடலிறக்க டாக்டர் அதற்கு மேலே சொல்வாரா? அவர் இன்னும் குறைத்துச் சொன்னார். இப்படியே வட்டமாக வந்து அத்தையின் முறை வந்தது. அப்போது யாரோ, டெய்லர் மேடத்திடம் கொடுத்த துணி லேசில் திரும்பி வராது என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை டீயைக் கீழே வைத்துவிட்டு, "முக்கால் மணி நேரம்" என்றார்.

நிஜத்தில் அந்த வேலை சாதாரணமாகவே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

"வாய் தவறிச் சொல்லலை. அவங்க சிரிக்கக் கூடாதுன்னே சொன்னேன்," என்றார் அத்தை அம்மாவிடம். "அவர் எழுதிக்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இதுல என்ன வந்துடப் போகுதுன்னு நினைச்சேன்."

திட்டத்தை எதிர்த்துவிட்டால் இந்த முக்கால் மணி நேரமும் அதோடு போய்விடும். அத்தைக்கு அது சுலபமான வழி. அந்த வழியில் அவரைப் போகவிடாமல் தடுத்தது ஒரு பெண்ணின் கை.

அவர் கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பவர். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை என்று அரசு ஆஸ்பத்திரியில் அத்தை காலையில் பார்க்கும் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தார். கண்ணாடி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. அவர் ஊர் ஆஸ்பத்திரியில் மேல்தோலைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். உள்ளே தைக்க நிபுணர் வேண்டும், நிபுணர் இருக்கும் இடம் அவருக்கு எட்டாது. யார் யாரிடமோ அலைந்து அத்தையிடம் வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அறுந்த உடனே என்றால் இரண்டு முனையையும் இழுத்துத் தைத்துவிடலாம். நாளானால் முனைகள் சுருங்கி உள்ளே போய்விடும், அது ஓடும் பாதையும் தூர்ந்துபோகும். அப்புறம் ஒரு குழாயை வைத்துப் பாதையை உண்டாக்கி, காத்திருந்து, வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து இரண்டாவது முறை ஆபரேஷன் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் பழைய கை வராது.

"முன்னாடியே வந்திருந்தா சரியாகியிருக்குமா டாக்டரம்மா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார்.

அத்தை யாரிடமும் இந்தக் கேள்விக்கு மழுப்ப மாட்டார். ஆகியிருக்கும் என்று சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, முதல் ஆபரேஷனுக்கு என்றைக்கு வரணும் என்று கேட்டிருக்கிறார். அழவில்லை, திட்டவில்லை. அதுதான் அத்தையைப் போட்டு வாட்டியது. திட்டம் மட்டும் இருந்திருந்தால் இவர் காயம்பட்ட வாரத்திலேயே என் மேசைக்கு வந்திருப்பார் என்று வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னார்.

ஆனால் வந்திருந்தாலும் அத்தை என்ன செய்திருப்பார்? முக்கால் மணி நேரத்தில் இரண்டு விரலை அள்ளித் தெளித்த கோலமாகத் தைத்து அனுப்பியிருப்பார். அது இன்னொரு கெட்டுப்போன கை. ஆக, அவருக்குத் திட்டமும் வேண்டும், அதில் சரியான நேரமும் வேண்டும்.

அந்த அதிகாரிக்கே போன் செய்தார். அதிகாரி கோபப்படவில்லை. நேரங்களை நாங்களாகப் போடவில்லை மேடம், உங்கள் ஆட்கள் சொன்னதுதான் என்றார். தப்பு என்று சங்கமே சொல்லிக் கேட்டால் திரும்ப அளந்து பார்க்கத் தயார், ஒரு டாக்டர் மட்டும் தன் நேரத்தைக் கூட்டிக் கேட்டால் மேலே நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னார். நியாயம்தான். ஆனால் சங்கம் அப்படிக் கேட்க வேண்டுமென்றால், டீ அறையில் சொன்னதெல்லாம் பெருமைக்குச் சொன்னது என்று யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் சுத்தியல் வீட்டுக்கு வந்தார். உயரமான ஆள், தோள் அகலம், பேச்சும் அப்படியே. அவரைக் கெட்டவராகக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. நடக்க முடியாமல் வந்த எத்தனையோ பேரை நடக்க வைத்தவர். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் நடையைப் பார்த்து, இடது காலைச் சற்று உள்ளே திருப்பி வைக்கிறாய் என்று சொன்னார். அது உண்மை.

சங்கக் கூட்டத்தில் திட்டத்தில் சேர மாட்டோம் என்று தீர்மானம் கொண்டுவரப் போவதாகவும், அதை அத்தை வழிமொழிய வேண்டும் என்றும் கேட்டார். ஏன் அத்தை என்பதை அவர் மறைக்கவில்லை.

"நான் சொன்னா காசுக்குப் பேசறான்னு சொல்வாங்க. நீ காலையில முழுக்க அரசு ஆஸ்பத்திரியில கிடக்கிற ஆளு. நீ சொன்னா ஊர் நம்பும்மா."

"நேரத்துக்காகத்தானே எதிர்க்கிறீங்க சார்?"

"பின்னே? மூட்டு மாத்த ஐம்பது நிமிஷமாம். எந்த மடையன் போட்டான்?"

அத்தை அவரையே பார்த்தார். சுத்தியல் டீயை ஊதிக் குடித்தார். அவருக்கு நினைவில்லையா, நினைவிருந்தும் இல்லாத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டார் என்று அப்பா சொல்கிறார். அத்தை கூட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். சுத்தியல் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டம் ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம் என்பதால் முடிந்ததும் சாப்பாடு உண்டு, குடும்பங்களையும் கூப்பிடுவார்கள். நாங்கள் கடைசி வரிசைகளில் இருந்தோம். முன்னால் ஒரே டாக்டர்கள். அப்பா என் காதில், இப்போது கூரை இடிந்து விழுந்தால் அப்புறம் இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்றார். அம்மா அவரை முறைத்தார்.

சுத்தியல் நன்றாகப் பேசினார். நோயாளி ஒரு மனிதன், சோப்புக் கட்டி இல்லை, தொழிற்சாலைப் பட்டையில் வரிசையாக நகர்ந்து வர என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், அவ்வளவு சரியாக இருந்தது. பிறகு, வழிமொழிய நம் கை டாக்டர் வருவார் என்று சொல்லி ஒலிபெருக்கியை விட்டு நகர்ந்தார்.

அத்தை மேடை ஏறினார். குட்டையானவர், ஒலிபெருக்கி நெற்றிக்கு நேராக இருந்தது. யாரோ வந்து இறக்கி வைத்தார்கள். அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அன்றும் நடுங்கவில்லை. குரல்தான் நடுங்கியது.

"தசைநாண் தைக்க முக்கால் மணி நேரம்னு போட்டிருக்காங்க. அதைச் சொன்னது நான்தான்," என்றார்.

முன் வரிசைகளில் தலைகள் திரும்பின.

"டீ ரூம்ல வெச்சுச் சொன்னேன். இங்க நிறைய பேர் அன்னிக்கு இருந்தீங்க. ஒரே ஒரு தடவை முக்கால் மணியில முடிச்சிருக்கேன். ஒரு சின்னப் பொண்ணு, பிளேடு வெட்டு, ஒரே விரல். மத்தபடி எனக்கு ரெண்டு மணிக்கு மேல ஆகும். சில நாள் மூணு ஆகும். இதை இதுக்கு முன்னாடி நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

முன் வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அத்தை தொடர்ந்து பேசினார். கண்ணாடிக் கடைப் பெண்ணைப் பற்றிச் சொன்னார், இரண்டே வரியில். திட்டம் வேண்டாம் என்று தன்னால் சொல்ல முடியாது, இந்த நேரத்தை வைத்துக்கொண்டு வேண்டும் என்றும் சொல்ல முடியாது, அதனால் தீர்மானத்தை வழிமொழியவில்லை என்றார். சரியான நேரத்தைத் திரும்ப அளக்கச் சங்கம் கேட்க வேண்டும் என்றார். பிறகு சுத்தியல் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க ஐம்பது நிமிஷம்?"

அதைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. சுத்தியல் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. தன் நேரம் ஐம்பது நிமிடம்தான், அதை யாரும் சந்தேகப்படத் தேவையில்லை, தான் பேசியது கொள்கையைப் பற்றி என்றார். அத்தை தனியாக நின்றார். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பக்கவாட்டு வரிசையிலிருந்து மயக்க டாக்டர் எழுந்தார். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, ஆபரேஷன் முடியும்வரை தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர். எல்லாருடைய நிஜ நேரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பவர்.

"தலைவர் ஐம்பது நிமிஷம்னு சொல்றது நெஜம்தாங்க," என்றார். "'இதோ முடிஞ்சது, இதோ முடிஞ்சது'ன்னு அவர் சொல்ல ஆரம்பிக்கிறது சரியா ஐம்பதாவது நிமிஷத்துல. அதுக்கப்புறம் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிப்பேன்."

கூடமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் கட்டு அவிழ்ந்தது. குடலிறக்க டாக்டர் எழுந்து, தான் நிஜ நேரத்தில் பாதியைத்தான் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். காது டாக்டர் ஒருவர், தான் ரொம்பவும் குறைத்துச் சொல்லவில்லை, ஓரளவுதான் என்று பேரம் பேசுவது மாதிரி சொன்னதற்கு இன்னும் சிரித்தார்கள். கண் டாக்டர் மட்டும் தன் நேரம் சரிதான் என்றார். மயக்க டாக்டரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

இப்படி எழுதும்போது எல்லாம் சுபமாக முடிந்த மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. தீர்மானத்தைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். நேரத்தைத் திரும்ப அளக்கக் கேட்பது என்று முடிவானது. சிலர் அப்போதும் திட்டத்துக்கு எதிராகவே இருந்தார்கள், அதற்கு அவர்களிடம் நல்ல காரணங்களும் இருந்தன. இதய டாக்டரின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுத்தியல் சாப்பிடாமல் கிளம்பினார். வெளியே போகும்போது அத்தையின் பக்கத்தில் நின்று, "எல்லார் முன்னாடியும் கேட்டிருக்க வேண்டாம்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னார். அத்தைக்கும் அது தைத்தது. என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவரைப் பற்றிக் கேட்க இல்லை என்று வண்டியில் வரும்போது சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த நாள் அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். சுத்தியல் ஏற்றுக்கொண்டார், ஆனால் பழைய மாதிரிப் பேசுவதில்லை. தன்னிடம் வரும் கை நோயாளிகளை அத்தைக்கு அனுப்புவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அமைச்சகத்து ஆட்கள் வந்து ஆபரேஷன் அறைகளில் கடிகாரம் மாட்டினார்கள். நோயாளி உள்ளே வருவதிலிருந்து வெளியே போவதுவரை அளந்தார்கள். புது நேரங்கள் வந்தன. அத்தைக்குத் தேவையான அளவு கிடைத்தது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு விரலை மடக்கி நீட்டப் பழக்கும் வாரங்களுக்குத் திட்டத்தில் இன்னும் இடம் இல்லை. அதற்காக அத்தையிடம் ஓர் அறை இருக்கிறது. துணிக்கிளிப்புகள், பூட்டு சாவி, பெரியதும் சிறியதுமாக நட்டு போல்ட்டுகள், பஞ்சு உருண்டை என்று பொம்மைக் கடை மாதிரி இருக்கும். நோயாளிகள் அதில் விரலைப் பழக்குவார்கள். தைப்பது பாதி வேலை, மீதி இந்த அறையில்தான் என்பார். இந்தப் பாதியை எப்போது கணக்கில் சேர்ப்பீர்கள் என்று அந்த அதிகாரிக்கு அத்தை இப்போதும் போன் செய்கிறார். அத்தை நம்பர் என்று தெரிந்தும் அவர் எடுக்கிறார் என்பதே பெரிது என்கிறார் அப்பா.

கண்ணாடிக் கடைப் பெண்ணுக்கு இரண்டாவது ஆபரேஷனும் முடிந்துவிட்டது. மோதிர விரல் ஓரளவு மடங்குகிறது, நடுவிரல் அவ்வளவாக இல்லை. கண்ணாடி அறுக்க முடியாது. கடையில் அளவெடுக்கும் வேலைக்கு மாறிவிட்டார். அந்த அறைக்கு வரும்போதெல்லாம் சாவியைப் பூட்டில் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

திட்டம் தொடங்கிய அன்று அத்தையின் மேசைக்கு வந்த முதல் கை ஒரு தச்சருடையது. காலையில் ரம்பத்தில் பட்டு மூன்று விரலில் தசைநாண் அறுந்திருந்தது. மதியத்துக்குள் அந்தக் கை அத்தைக்கு முன்னால் இருந்தது. எங்கிருந்து வந்தார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஆபரேஷன் அறையில் புதுக் கடிகாரம் சுவரில் அத்தைக்கு நேர் எதிராக மாட்டியிருந்ததாம். உட்காரும் முன் அதைக் கழற்றித் தன் முதுகுக்குப் பின்னால் மாட்டச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே மாட்டினாராம்.

அன்று அத்தை மாடிக்குச் சாப்பிட வந்தபோது கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் இருந்தது. மூன்று விரலும் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா விடுவாரா? "எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?" என்றார்.

அத்தை சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியாது. மயக்க டாக்டரைக் கேளு."